ஐப்பசி பிறந்தாச்சு... கேஸ் கீஸரைப் பார்த்தீங்களா?

பவானியில் ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் வீட்டில் முதல் வேலை, கோடை முழுக்கச் சும்மா கிடந்த கேஸ் கீஸரைத் துடைப்பது. துடைப்பதோடு சரி. இந்த வருஷம் குழாயைத் திறந்தபோது சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. "தண்ணி சுட்டாச் செரி, விடு கண்ணு" என்றார் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

கழற்றினால் பர்னர் ஓட்டைகளில் சிலந்தி வலை, தூசி. "காத்து செரியாக் கலக்கலீங்க. இப்படியே விட்டா கார்பன் மோனாக்சைடு வருமுங்க" என்றார்.

சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே மெர்காப்டன் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பித்து, தாழ்ப்பாளைத் திறக்கும் முன்பே ஆள் மயங்கிவிடலாம். பர்னர் சுத்தமாகவே இருந்தாலும், மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய இதே விஷம்தான்.

எங்கள் கீஸர் இருந்தது குளியலறைக்குள். குளிருக்காக ஜன்னலை வேறு அட்டை வைத்து அடைத்திருந்தோம் (யோசனை என்னுடையதுதான்!). அட்டையை எடுத்தாச்சு, கீஸரும் வெளிச்சுவருக்குப் போயாச்சு.

டியூபையும் பாருங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு 5 வருஷம்தான் கணக்கு. தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். இணைப்பில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். கசிந்தால் சிலிண்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள்.

இப்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே போய் சுடரை ஒரு எட்டு பார்த்த பிறகுதான் அம்மா குளிக்கவே போகிறார்.