மாடி வீடும் எரியும்

"குடிசை எரியும், மாடி வீடு எரியாது." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஆனால் வீடு கட்டுவதும், ஒயர் இழுப்பதும், ராத்திரி கேட்டைப் பூட்டுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கின்றன. ஓலையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட அன்றே தீயைப் பற்றிய பயமும் போய்விடுகிறது. "செங்கல்லு, சிமெண்டு, கம்பி. இதுல என்னங்க எரியப்போவுது?" என்கிறார் மேஸ்திரி. வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். இந்தப் பேச்சை ஒரு நாளும் ஏற்க முடியாது. இதை நம்பியதால் உயிர்கள் போயிருக்கின்றன.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. இந்த விழுப்புரம் மாவட்டம் குடிசைகள் நிறைந்த மாவட்டம். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் கூரையில் அடுப்புப் பொறி ஒன்று விழுந்து, காற்றும் சேர்ந்துகொண்டால் பக்கத்துக் கூரை, அதற்கடுத்த கூரை என்று வரிசையாகப் போகும். மறுநாள் வி.ஏ.ஓ. வருவார், தாசில்தார் வருவார். அரிசி, வேட்டி, சேலை, கொஞ்சம் ரொக்கம் கொடுப்பார்கள். தீ விபத்து என்றால் நம் மனத்தில் வருவது இந்தக் காட்சிதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கூரையை எடுத்தார்கள். எடுத்தது சரி. 2010-இல் குடிசைகளை மாற்றக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. இப்போது கலைஞர் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் வீடு என்கிறது. அதையும் மனதார வரவேற்கிறேன். மழைக்கு ஒழுகி, பாம்புக்கும் தீக்கும் பயந்து குடிசையில் கிடந்த வாழ்க்கையில் போற்ற ஒன்றுமில்லை. ஆனால் இத்தனையிலிருந்தும் நாம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: குற்றவாளி ஓலை. ஓலை போனால் தீயும் போகும்.

போகாது. சுவர் எரியாதுதான். சுவருக்குள் இருப்பது எரியும். குடிசையில் என்ன இருந்தது? கோரைப்பாய், நாலு பாத்திரம், ஒரு தகரப் பெட்டி, கொடியில் துணி. இன்றைக்குப் பத்துக்குப் பத்து அறையில் ஃபோம் மெத்தை, ரெக்சின் சோபா, பிளைவுட் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, நைலான் திரை, டி.வி., அதற்கு மேல் பரணில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். இவை எரியும்போது வருவது விறகுப் புகை அல்ல. கரியமில வாயுவை விடப் பல மடங்கு கொடிய கார்பன் மோனாக்சைடு அதில் உண்டு. ஃபோம் எரிந்தால் சயனைடு வாயுவும் சேரும். கூரை வீட்டில் தீ மேலே பொத்துக்கொண்டு போகும். புகையும் அந்த வழியே போகும். தளம் போட்ட வீட்டில் புகைக்கு மேலே வழியில்லை. தளத்தில் முட்டி, பரவி, தலைமட்டத்துக்கு இறங்கி, கட்டில் மட்டத்துக்கும் வரும். தூங்குகிறவருக்குப் புகை வாசனை விழிப்புக் கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அது தூக்கத்தை மயக்கமாக்கிவிடும். உடலில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் குடும்பமே இறந்து கிடப்பது இப்படித்தான்.

2023 ஆகஸ்டில் சென்னை மணலி, மாத்தூரில் ஒரு பாட்டியும் மூன்று பேத்திகளும் ஒரே அறையில் இறந்து கிடந்தார்கள். கொசு விரட்டும் லிக்விட் மெஷின் சூடாகி உருகி, அட்டைப்பெட்டியில் விழுந்து புகைந்தது என்றது காவல்துறை. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் மின்சார ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார்கள். தீ பிடித்ததும் வெளியே வர வழியில்லாமல் தகப்பனும் மகளும் குளியலறைக்குள் ஒதுங்கினார்கள். அங்கேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், திண்டிவனத்திலிருந்து நாம் சென்னைக்குப் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், ஊரப்பாக்கத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தவர்களில் மூன்று பேர் ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய புகைக்குப் பலியானார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து இரண்டு ஆசிரியைகள் இறந்தார்கள். இவற்றில் ஒன்றுகூடக் குடிசை இல்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அதெல்லாம் ஏசி, ஃபிரிட்ஜ் வெடிச்சதுங்க. மெஷின் கோளாறு. நாம என்ன பண்ண முடியும்?" மாடி வீடு எரியாது என்ற நம்பிக்கைக்கு இது கூடப்பிறந்தது. வீடு எரியாது என்று முடிவு கட்டிவிட்டதால், எரிந்துபோனால் மெஷின்மேல் பழியைப் போட்டாக வேண்டியிருக்கிறது. இந்தப் பழி எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்குத் திண்டிவனத்தையே சொல்லலாம். 2019 மே மாதம் காவேரிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஏசி வெடித்தது என்றார்கள். ஊர் நம்பியது, செய்திகளும் அப்படியே வந்தன. சில நாள் கழித்துக் காவல்துறை அதைக் கொலை என்றது; அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களையே கைது செய்தது. குற்றத்தைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. "ஏசி வெடிச்சுது" என்ற இரண்டு சொல் காதில் விழுந்ததும் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்காத நம் மனதைப் பற்றிப் பேசுகிறேன். ஏசியில் தீயே பிடிக்காது என்பதல்ல என் வாதம். பிடித்தால் அது எந்த ஒயரில் ஓடியது, எந்த பிளக்கில் செருகியிருந்தது, கடைசியாக எப்போது சர்வீஸ் பார்த்தார்கள் என்று யாராவது கேட்க வேண்டும். கேட்பதில்லை. கேட்டால் பதில் நம் வீட்டுச் சுவருக்குள் இருக்கும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது? கூரை வீட்டுக்கு வந்தது இலவச ஒரு விளக்கு இணைப்பு. ஒரு பல்பு, அதற்கொரு ஒயர். பிறகு அதே இடத்தில் தளம் போட்டார்கள். 2006-க்குப் பிறகு இலவச கலர் டி.வி. வந்தது. 2011-க்குப் பிறகு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அப்புறம் தவணையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு. இப்போது ஏசியும் ஸ்கூட்டர் சார்ஜரும். ஒவ்வொன்று வந்தபோதும் வீட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடியது; ஒயரை மாற்றியவர் எத்தனை பேர்? விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். பவர் பாயிண்டுக்கு 2.5 வேண்டும், ஏசிக்கு 4 வேண்டும். இது எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் தெரியும். "அண்ணே, தனி லைன் இழுக்கணும்" என்று அவர் சொன்னால், "இப்போதைக்கு இதுலயே குடுப்பா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப பாத்துக்கலாம்" என்கிறோம்.

ஒரு வீட்டின் சமையலறைச் சுவரை உற்றுப் பாருங்கள். வெள்ளை சுவிட்ச் போர்டில் ஒரு ஓட்டை மட்டும் பழுப்பேறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் பித்தளைக் கால் கறுத்து, தொட்டால் சுடும். கருகிய வாடை வரும். பிளக் ஆடாமல் இருக்க ஒரு காகித மடிப்பைச் செருகியிருப்பார்கள். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைச் செருகியிருப்பது 6 ஆம்பியர் பெட்டியில். தீ அங்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சுவாலையாக இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

"டிரிப்பர் இருக்கு, எதுனா ஆனா விழுந்துடும்." படித்தவர்கள் சொல்லும் சமாதானம் இது. டிரிப்பர் நல்ல பொருள்தான். தனக்குக் குறித்த அளவுக்குமேல் கரண்ட் போனால், அல்லது இரண்டு ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அது விழும். ஆனால் 16 ஆம்பியர் டிரிப்பருக்கு 9 ஆம்பியர் சாதாரணம். அந்த 9 ஆம்பியரில் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மெல்லிய ஒயர் இளகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. தளர்ந்த பிளக்கில் பிறக்கும் சூடும் தெரியாது. ஏனென்றால் அங்கே போகும் கரண்ட் கூடவில்லை. கசிவுக்கென்று இருக்கும் ஆர்.சி.சி.பி.யும் இந்தச் சூட்டைப் பிடிக்காது. பழைய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஃபியூஸ் கட்டையில் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பார்கள். போக வேண்டிய நேரத்தில் போவதற்காகத்தான் அந்த மெல்லிய கம்பி இருக்கிறது. அதைத் தடிப்பாக்கியவர் வீட்டின் கடைசிக் காவலைக் கழற்றிவிட்டார்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. விழுப்புரத்தில் எத்தனையோ வீடுகளில் சுவிட்ச் போர்டு வரை தண்ணீர் நின்றது. வடிந்ததும் துடைத்தோம், காயவைத்தோம், மெயினைப் போட்டோம், லைட் எரிந்தது. எரிந்ததால் எல்லாம் சரி என்று முடிவு செய்தோம். குழாய்க்குள் தங்கிய ஈரமும், இணைப்புகளில் ஏறிய துருவும் லைட் எரிவதைத் தடுக்காது. தண்ணீர் ஏறிய போர்டுகளைத் திறந்து சோதித்து மாற்றாத வீடுகள் இன்றைக்கும் ஆபத்தில்தான் இருக்கின்றன.

தீ பிடித்தபின் வெளியே வருவது எப்படி? திருட்டுப் பயத்தில் நாம் வீட்டைச் சிறை போலக் கட்டுகிறோம். ஜன்னலுக்குச் சுவரோடு பதித்த கம்பி. வாசலுக்கு மடிப்பு கேட். அதற்கு உள்பக்கம் பூட்டு. சாவி? அப்பா சட்டைப் பையில். சட்டை? பீரோவுக்குப் பக்கத்தில் ஆணியில். புகை நிறைந்த இருட்டில், கண் எரிய, பிள்ளை அலற, அந்த ஆணியை யார் தேடுவது? போதாததற்கு வண்டியையும் வாசலில் நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போடுகிறோம். ஒரே வழியில் தீக்கு இடம் ஒதுக்கிவிட்டு உள்ளே படுக்கிறோம். சாவி பூட்டுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், ஒரே கொக்கியில் எப்போதும் தொங்க வேண்டும். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து கீல் வைத்துத் திறக்கும்படி அமைய வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

சாமி விளக்கைப் பற்றிச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். விளக்கை அணைப்பது ஆகாது என்று எரியவிட்டே வீட்டைப் பூட்டிக்கொண்டு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்புகிறோம். எண்ணெய் வாசனைக்கு எலி வரும், திரியை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பூவால் குளிரவைத்துவிட்டுக் கிளம்புவதில் எந்தத் தெய்வத்துக்கும் குறை இல்லை. நம் பாட்டிகள் செய்ததுதான்.

கேஸிலும் இதே கவனம் வேண்டும். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து கிடக்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாதச் செலவில் அது ஒரு பெரிய தொகையே அல்ல.

எனக்கு மிகுந்த கோபம் வாடகை வீடுகளை நினைத்துத்தான். நேரு வீதிப் பக்கமும் கிடங்கலிலும் கீழ்ப்பெரும்பாக்கத்திலும் ஒரே மீட்டரில் இரண்டு, மூன்று போர்ஷன். குடியிருப்பவர் ஒயரில் கை வைக்க முடியாது. வீட்டுக்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உயரமான கட்டடங்களைத் தீயணைப்புத் துறை பார்த்துச் சான்று கொடுக்கிறது. ஒற்றை மாடி, இரட்டை மாடி வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறதென்றால், பழைய ஒயரை மாற்றித் தரும் கடமையும் அவருக்கு இருக்கிறது. ஏசி மாட்ட அனுமதி கேட்கும் குடியிருப்பவர் தனி லைனையும் கேட்டு வாங்க வேண்டும். கனவு இல்லத்துக்குத் தளம் போடும்போதே பவர் பாயிண்டுக்குச் சரியான ஒயரும், உள்ளிருந்து திறக்கும் ஒரு ஜன்னலும் உண்டா என்று ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம் போக வேண்டும்.