நடுவர் இருக்க ‘ஜட்ஜ்’ ஏன்?

ஒரத்தநாட்டு உழவன் வரப்பில் நின்று விளைச்சலைக் கணிக்கிறான், நெல்லை அள்ளிப் பார்த்து மதிப்பிடுகிறான், ஆளை எடைபோடுகிறான், ஊர்ப் பூசலில் தீர்ப்புச் சொல்கிறான். இந்நான்கையும் ஆங்கிலேயன் ‘ஜட்ஜ்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குவான். வினைக்கொரு சொல் வைத்துள்ள நாமோ, முறைமன்ற வாயிலில் அச்சொல்லுக்கு ‘ஐயா’ சேர்த்துக் கைகட்டி நிற்கிறோம்!

அச்சொல்தான் ஆங்கிலமா? இல்லை. ‘முறை கூறுவோன்’ எனப் பொருள்படும் இலத்தீனச் சொல், பிரெஞ்சின் வழி அங்குப் புகுந்தது. ‘டேமா’ என்னும் அவர்தம் பழஞ்சொல் வழக்கிழந்தது. மதுரைக்காஞ்சி காட்டும் அறங்கூறவையமும் அதே பொருளைத்தான் தாங்கி நிற்கிறது. அறங்கூறுவோன் இருக்க, ‘நீதிபதி’ என்னும் வடசொல் எதற்கு? பட்டிமன்றத்துக்கு நடுவர், கீழ்மன்றக் குற்றவழக்குக்கும் நடுவர். மேலே போனால் மட்டும் தமிழ் ஆகாதோ?

பெயர் மட்டுமா? பேச்சும் நமதில்லை. பிரெஞ்சு மக்களுக்கு விளங்கவில்லையென்று, 1362-இலேயே ஆங்கிலேயன் தன் மொழியில் வழக்குரைக்கச் சட்டம் செய்தான். கண்ணகி வழக்குரைத்த நாட்டில்? சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, நடுவணரசு இசையவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் உயர்மன்றங்களில் இந்திக்கு மட்டும் இசைவு! அரசியலமைப்பின் 348-ஆம் கூறு இரு மொழிக்கும் ஒன்றுதானே?

நிலம் இழந்தவன், எதனால் இழந்தோம் என்றறியாமல் ஊர் திரும்புகிறான். விளங்காத மொழியில் வரும் தீர்ப்பு முறையாகுமா?

தமிழர்களே! முறையீட்டில் ‘நடுவர் அவர்கட்கு’ என்றே எழுதுவோம். கீழ்மன்றங்களில் தமிழிலேயே வழக்குரைக்கச் சொல்வோம். மேல்மன்றக் கதவையும் தமிழாலேயே தட்டுவோம், திறக்கும்வரை தட்டுவோம்!