மதிப்பெண் யாருடையது?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், "படித்தவன் வென்றான், படிக்காதவன் தோற்றான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் என்பது மாணவரின் உழைப்புக்கு மட்டுமே கிடைக்கும் கூலியா?

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் பல இலட்சம் மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. பள்ளியின் கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும்விட, மாணவரின் குடும்பப் பின்னணியே கற்றலை அதிகம் பாதிக்கிறது என்று அது கண்டது. பிரான்சு நாட்டுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியு இதை விளக்க 'பண்பாட்டு மூலதனம்' என்ற கருத்தைத் தந்தார். வீட்டில் பேசும் மொழிநடை, அலமாரியில் உள்ள புத்தகங்கள், அதிகாரிகளிடம் தயங்காமல் பேசும் பழக்கம் ஆகியவையும் நிலம், நகை போலப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் சொத்துகளே. பள்ளியோ அந்தச் சொத்தைத் 'திறமை' என்று எண்ணி மதிப்பெண் வழங்குகிறது.

தமிழ்நாட்டில் நாம் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். நீட் தேர்வு வந்தபின், பணம் கட்டித் தனிப்பயிற்சி பெற முடியாத அரசுப் பள்ளி மாணவர்களில் மிகச் சிலரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. எனவே 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் வந்தது. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கின. வீட்டில் உள்ள குறையைப் பள்ளி மட்டும் தனியே ஈடுசெய்ய முடியாது என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட முயற்சிகள் இவை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்கிறது. இதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்றக் குடும்பத்திற்குச் சமூகம் முழுவதும் துணைநிற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

பெற்றோர் கூட்டத்தில், "வீட்டில் பிள்ளையைக் கவனிப்பதே இல்லையா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கும் தாயை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புபவர் அவர். அவரிடம் இல்லாதது அக்கறை அல்ல, நேரமும் எழுத்தறிவும்தான். அவருக்குத் தேவை கண்டனம் அல்ல, ஒரு துணை.

நம் அன்பியங்களில் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பங்கு அரங்கும் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு விளக்கு, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித்தர ஒரு கை, இவை நம்மால் முடியாதவையா?

சிந்திப்போம்.