வீட்டுக்கும் அளவு எடுங்கள்!

"ஏனுங்க டாக்டர்... பழைய ஓட்டு வீட்டுல இருந்த வரைக்கும் பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. புது வீட்டுக்குக் குடிபோயி ரெண்டு மாசந்தான் ஆச்சு. ராவெல்லாம் இழுப்புங்க!"

சத்தியமங்கலத்தில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாயின் புலம்பல் இது. மருந்து கொடுத்தேன். மனசு கேட்காமல், அவர்கள் வீட்டையும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். முகப்பில் கிரானைட் பளபளக்கிறது. பையன் படுக்கும் அறையிலோ சுவரோடு ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம்! பூச்சு பூசி ஒரு மாதம்கூட ஆகாமல், தையில் முகூர்த்தம் கிடைத்தது என்று பால் காய்ச்சிவிட்டார்கள். முகூர்த்தம் பார்த்தவர்கள், சுவர் காய்ந்ததா என்று பார்க்கவில்லை. பையனைக் காற்றோட்டமான முன் அறைக்கு மாற்றிய பிறகுதான் மருந்தும் வேலை செய்தது.

ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால்கூட அளவு கொடுக்கிறோம். ஆயுள் முழுக்கக் கடன் கட்டப்போகிற வீட்டுக்கு மட்டும் அடுத்த தெரு வீட்டைக் காட்டி, "இதே மாதிரி கட்டிக் கொடுங்க" என்கிறோமே, நியாயமா? வீடு என்பது அதில் வாழப்போகிறவர்களின் உடம்புக்கு அளவெடுத்துக் கட்ட வேண்டியது. நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, அது அண்டாமல் வாழும் முறையைத்தான் சித்த மருத்துவம் 'பிணியணுகா விதி' என்று முதலில் சொல்லிக் கொடுக்கிறது. அந்த விதி செங்கல்லுக்கும் பொருந்தும்.

முதலில் காற்று. அறையின் தரைப் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும். 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. ஆக, 12 சதுர அடி திறக்க வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. இப்போது எல்லோரும் போடுகிற இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். 3-க்கு 4 ஜன்னல் வைத்தேன் என்று நினைப்பீர்கள். கிடைப்பது 6 சதுர அடிதான்! ஒரே பெரிய ஜன்னலைவிட, இரண்டு சுவர்களில் இரண்டு ஜன்னல் வைத்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். வாஸ்து பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்காக ஜன்னலை அடைத்தால் நுரையீரல் ஒத்துக்கொள்ளாது.

அடுத்தது வெயில். கான்கிரீட் கூரை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து, ராத்திரி நம் தலைமேல் இறக்கும். மேற்குச் சுவரும் அப்படித்தான். முடிந்தவரை படுக்கையறையை அந்தப் பக்கம் வைக்காமல் மாடிப்படியையும் ஸ்டோர் ரூமையும் வையுங்கள். கேரளத்தில் நிறைய வீடுகள் கட்டிய லாரி பேக்கர் (1917-2007), செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறி' கட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சூடும் குறைகிறது. பழகிய கொத்தனார் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

சமையல் மேடைக்கு அளவு யாருடையது? கொத்தனாருடையது அல்ல, சமைக்கிறவருடையது! அவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். இதைச் செய்யாததால்தான் பல பெண்கள் கழுத்துவலி, முதுகுவலி என்று தைலம் வாங்க வருகிறார்கள். பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ஆசாரமும் வாசலும் குளுகுளுவென்று இருந்தாலும், அடுப்படிப் புகையில் நம் பாட்டிமார் கண் கெட்டதும் உண்மை. கேஸ் அடுப்பானாலும் மேலே புகைபோக்கி விசிறி கட்டாயம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டே கவனம். கிணற்றுக்கும் போருக்கும் செப்டிக் டேங்க் 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கியூரிங்குக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கடைசியாக, என் சொந்தத் தப்பு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் வீடு கட்டியபோது, குளியலறைக்கு வழவழப்பான டைல்ஸைத்தான் ஆசைப்பட்டுப் போட்டேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒரு விடியற்காலை அதில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, கதவைத் திறக்கவும் முடியவில்லை. கதவு உள்பக்கம் திறப்பது. அம்மா அதன்மேல் சாய்ந்து கிடந்தார். கதவை உடைத்துத்தான் தூக்கினோம்.

சொரசொரப்பான தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு. முகப்பு அலங்காரத்துக்குக் கொட்டிய பணத்தில் இது எத்தனை பங்கு? ஆனால் பணம் தீர்ந்துபோகும் கடைசிக் கட்டத்தில் நாம் வெட்டுவது இவற்றைத்தான். அதனால், எஸ்டிமேட்டில் இவற்றை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.

பூமி பூஜைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். யாருக்கு மூட்டுவலி, யாருக்கு மூச்சுத் தொல்லை, ராத்திரி யார் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இன்ஜினீயர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய பிளான் அதுதான்.

இப்போது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதை மாட்டிய அன்று தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை அப்பவே வெச்சிருக்கலாமல்ல சாமி?"

என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு அந்தக் கேள்வி வரவேண்டாம்.