லாரி நிற்கும் நேரமும் தேர்ச்சி அறிக்கை நாளும்



நான் குடியிருக்கும் பாலிக் புலாவுக்குள் நீண்ட டிரெய்லர்கள் வருவது அரிது. துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் டுரியான் ஏற்றிய சிறு லாரிகளே மூச்சு வாங்கித்தான் ஏறும். ஆகவே நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் வாழ்க்கை எனக்கு நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. தெரியாததோடு நில்லாமல், அவர்களுள் ஒருவரைப் பற்றித் தவறாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அதையே இன்று எழுத முற்படுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பை ஏற்றிருந்தேன். ஒரு மாணவனின் தந்தை தேர்ச்சி அறிக்கை நாளுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தாயாரிடம், “மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்காதா அம்மா? மகனுக்காக வரக்கூடாதா?” என்று கேட்டேன். “லாரி ஓட்டுறாரு ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டுச் சென்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பெற்றோர் ஈடுபாடு குறித்துப் பக்கம் பக்கமாய் எழுதித் தேறியவன் நான். அந்தப் பக்கங்களில் லாரி எங்கும் வரவில்லை.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் ஈப்போவிலிருந்து திரும்புகையில் குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினேன். லாரிகள் நிற்கும் பக்கமிருந்து “ஐயா, வணக்கம்!” என்றொரு குரல். அந்த மாணவனின் தந்தைதான். பள்ளி இதழில் என் படத்தைப் பார்த்திருந்தாராம். டிரெய்லரின் அடியில், இரு சக்கரங்களுக்கிடையே துணித்தொட்டில் ஒன்று கட்டியிருந்தார். துவைத்த சட்டை பக்கக் கண்ணாடியில் உலர்ந்துகொண்டிருந்தது. சிறு எரிவாயு அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. மின்னல் பண்பலை மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

“ஓய்வாக இருக்கிறீர்கள் போலும்” என்றேன். சிரித்தார். “நிக்கிறதெல்லாம் ஓய்வு இல்லீங்க ஐயா.”

பிறகு அவர் சொன்னவற்றை இன்றளவும் மறக்கவில்லை. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் வரிசையில் நிற்கும் நேரம் ஒன்று. வரிசை நகரும்போது தாமும் நகர வேண்டுமாதலால் கண்ணயர முடியாது. தொழிற்சாலையில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரம் மற்றொன்று. அங்கே தூங்கலாம்; ஆனால் இயந்திரத்தை அணைத்துவிட்டால் நண்பகல் வெயிலில் ஓட்டுநர் அறை அடுப்பாகிவிடும். ஓய்விடத்தில் கிடைக்கும் சில மணி நேரமே தமக்கென்று இருப்பது. அதற்குள் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், டயரைப் பார்க்க வேண்டும், கொள்கலனின் பூட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், தூங்கவும் வேண்டும். சிலர் பாட்டில் மூடிகளைக் காய்களாக்கி டாம் ஆடுவார்கள். சிலர் மாமாக் கடையில் தே தாரிக்கோடு கதை பேசுவார்கள். இளைஞர்கள் கைப்பேசியில் காணொலி பார்ப்பார்கள். அவருக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. டிரிப் கணக்கில்தான் வருமானம். காத்திருக்கும் நேரத்திற்குக் காசில்லை.

அப்படியே பேச்சு மகனின் படிப்புக்கு வந்தது. “பின்னம் அவனுக்கு வரலேன்னு அம்மா சொன்னாங்க. ராத்திரி போன்ல சொல்லிக் கொடுத்தேன். டேங்க்ல கால், அரை, முக்கால்னு முள் காட்டுமில்ல, அதை வெச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த மாணவன் கணிதத் தாளில் ‘முக்கால் டேங்க்’ என்று விடை எழுதியிருந்தான். விளையாட்டுத்தனம் என்று நான்தான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகள் பெற்றோரின் ஓய்வு நேரம் என்று எதைக் கருதுகின்றன? சனிக்கிழமை காலையையும் வேலை நாளின் மாலையையும். புக்கிட் காயு ஹீத்தாம் தொடங்கி ஜோகூர் பாரு வரை நீளும் வட தெற்கு நெடுஞ்சாலையில், 1994இல் அது முழுமையாகத் திறந்த நாள்தொட்டு, இரவும் பகலும் சரக்கு ஓடுகிறது. ஓட்டுபவர்களுள் நம் மாணவர்களின் தந்தையர் எத்தனை பேர்! நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிச் சரக்கு வாகனங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா சில நாள்கள் தடை விதிக்கிறது. அப்போது அவர் வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. அவர் வரக்கூடிய நாளில் நாம் கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஓட்டுநரின் ஓய்வைச் சட்டம் போட்டுக் காக்கும் நாடுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை விட வேண்டும். 45 மணி நேர முழு வார ஓய்வை லாரிக்குள்ளேயே கழிக்கக்கூடாது என்று 2017இல் அதன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என்றது. (லாரிகளுக்குப் பெயர்போன நாமக்கல்லிலிருந்து வாரக்கணக்கில் வட இந்தியாவுக்கு ஓடுபவர்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்களோ!)

ஆனால் ஆசிரியனாகிய என்னை ஈர்த்தது சட்டமன்று. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ‘டிரக்கர் படி’ என்னும் திட்டம். ஓர் ஓட்டுநரும் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பும் கடித நண்பர்களாகிறார்கள். அவர் போகும் ஊர்களிலிருந்து அஞ்சலட்டை எழுதுகிறார். பிள்ளைகள் வரைபடத்தில் அவ்வூரைத் தேடுகிறார்கள், பதில் எழுதுகிறார்கள். புவியியலும் மொழியும் கணக்கும் அதிலேயே அடங்கிவிடுகின்றன. நமக்கு அஞ்சலட்டைகூட வேண்டா. புலனத்தில் ஒரு குரல் பதிவு போதும்.

இதைப் படித்த வேகத்தில், ஓட்டுநர்களான தந்தையருக்கென வாரப் பயிற்சித்தாள் ஒன்று தயாரித்து அந்தத் தந்தைக்கும் அனுப்பினேன். மறுநாள் அவருடைய மனைவி அழைத்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு நாலு மணி நேரம் கிடைச்சா முதல்ல தூங்கட்டும். தூங்காம ஓட்டினா எங்களுக்கு யாரு?” வெட்கப்பட்டேன். தாளைக் கிழித்தேன். கேட்பதானால் ஐந்து நிமிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் லாரி நிற்கும்போது மட்டும். பெற்றோர்களே, ஓட்டிக்கொண்டிருப்பவரை வீட்டிலிருந்து அழைத்துப் பிள்ளையிடம் பேசச் சொல்லாதீர்கள். அவர் அழைக்கும் வரை பிள்ளை காத்திருக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, ‘அப்பா வரவில்லை’ என்று பதிவேட்டில் குறிக்கும் முன் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள். கடந்த ஆண்டு தேர்ச்சி அறிக்கை வாரத்தில் இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை தொலைபேசி நேரமாக ஒதுக்கினேன். என் இல்லாள் முணுமுணுத்தாள்; அது வேறு கதை. முதல் அழைப்பு தாப்பா ஓய்விடத்திலிருந்து வந்தது. லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர், “ஐயா, அஞ்சு நிமிஷம் இருக்கு. மகளோட தமிழ்மொழியிலிருந்து ஆரம்பிங்க” என்றார்.