பசிக்கு யார் பொறுப்பு?

"பதக்கம் வாங்கப் போகிறவனுக்கு வாயைக் கட்டத் தெரியாதா?" விளையாட்டு வீரன் சறுக்கினால் உடனே எழும் ஏளனம் இது. மனம் நொந்த வேளையில் அள்ளித் தின்றானா, கட்டுப்பாடற்றவன்! தீர்ந்தது வழக்கு, எழுதியாயிற்று தீர்ப்பு!

தோழர்களே, தீர்ப்புக்கு முன் சாட்சியத்தைப் பார்ப்போம்.

1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில், போரிட மறுத்த இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து ஒரு சோதனைக்கு உட்பட்டனர். உடலும் உள்ளமும் திடமானவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அறிஞர் ஆன்சல் கீஸ் அவர்களை 24 வாரம் அரை வயிற்றோடு வைத்தார். உடல் எடையில் கால் பங்கு கரைந்தது. எந்நேரமும் சோற்று நினைவு, சோர்வு, சிடுசிடுப்பு. பிறகு உணவு கிடைத்தபோதோ, வயிறு புடைக்கத் தின்றும் பசி அடங்காமல் தவித்தனர் பலர். இவர்களா பெருந்தீனிக்காரர்கள்?

தராசுக்கு அஞ்சிப் பட்டினி கிடக்கும் வீரனின் உடலும் இதே உடல்தானே! அதோடு அவமானமும் சேர்ந்தால்? ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம் 1988-இல் நடுவர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். உண்ண அஞ்சும் நோய் அவரைப் பற்றியது. 1994-இல், 22 வயதில் மாண்டார்.

இன்று "மனவிழிப்புப் பயிற்சி" தருகிறார்கள். தட்டில் கை வைக்குமுன் மூச்சை நிதானித்து, 'இது வயிற்றின் பசியா, மனத்தின் வலியா?' எனத் தன்னையே கேட்கும் பழக்கம். மந்திரமில்லை, மாயமில்லை. வரவேற்கிறோம்! ஆனால், பட்டினி போடும் கை அப்படியே இருக்க, பட்டினி கிடப்பவனுக்கு மட்டும் நிதானம் போதிப்பது எந்த ஊர் நியாயம்?

1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடை குறைக்க ரப்பர் உடையில் வியர்வை சிந்தியே செத்தனர். அதன் பின்னரே அந்த உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. எடை பார்க்கும் நேரம் போட்டியை ஒட்டி மாறியது. மூன்று பிணம் விழுந்த பின் முடிந்தது, முன்பே முடியாதா?

வீரனுக்கு மனவிழிப்பு வரட்டும். பயிற்சியாளருக்கும் விளையாட்டுச் சங்கத்துக்கும் மனச்சாட்சி விழிக்கட்டும்! எடையைச் சொல்லி ஏசும் வழக்கம் ஒழியட்டும். தராசுக்குப் பக்கத்தில் மருத்துவர் நிற்கட்டும். உழைக்கும் உடலுக்குச் சோறு உரிமை. அதைக் குற்றமாக்க எவருக்கும் அதிகாரமில்லை!