பார்த்துத்தான் வாங்கினோம்

"கொஞ்சம் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?"

இதைக் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. பால் காய்ச்ச வந்தவர்கள் கேட்டார்கள். அத்தையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். என் தம்பிகூடப் போனில் கேட்டான். எல்லாருக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். பார்த்துத்தான் வாங்கினோம். ஓசூரில் சைட் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஊர் சொன்னதோ அத்தனையும் பார்த்தோம். மூலப் பத்திரம் பார்த்தோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். டிடிசிபி அப்ரூவல் பார்த்தோம். ரேரா நம்பரைச் சரிபார்த்தோம். வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கினோம். பேங்க்கும் தன் வக்கீலை வைத்து இன்னொருமுறை பார்த்தது. இத்தனை பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீட்டில், எழுபத்தாறு வயசான ஒரு மனுஷி குளியலறைக்குள் நுழைய முடியவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது?

நாங்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் நாத்தனார் வீட்டுக்காரர் பாகலூர் ரோட்டில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அவர் வாங்கிய மண் கையில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை அது. பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டினால் வழி உண்டு என்றார்கள். அவர் அலைந்த அலைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் மலிவாகக் கிடைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, சட்டப்படி இருக்கிற இடமாகப் பார்ப்போம் என்று ஒரு கேட்டட் கம்யூனிட்டிக்குப் போனோம். காம்பவுண்டு, தார் ரோடு, பூங்கா, முப்பதுக்கு நாற்பது சைட்டில் மாடி வீடு. அதற்கு வில்லா என்று பெயர்.

பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்து இந்த ஊரை ஊராக்கின. அந்தக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற நூற்றுக்கணக்கான பட்டறைகளில் ஒன்றில்தான் அவர் வயசெல்லாம் போனது. பிஎஃப் பணத்தை எடுத்தார். அதுவும் போதாமல், காவேரிப்பட்டணத்தில் அத்தை வாழ்ந்த ஓட்டு வீட்டையும், பின்னால் இருந்த பெங்களூரா மாமரங்களோடு சேர்த்து விற்றோம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு அத்தையைத் தனியாக விட முடியாது. கீழ்த்தளத்தில் படுக்கையறை, அதோடு ஒட்டிய குளியலறை. எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னதும் அதைத்தான். "வயசானவங்களுக்காகவே டிசைன் பண்ணினது மேடம்" என்றார் அந்தப் பையன்.

2024 ஜூன் கடைசி வாரத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பின் ஈரம் காய்வதற்குள் எங்களுக்குச் சொன்ன விலையில் சதுர அடிக்கு 200 ரூபாய் ஏறிவிட்டது. "ஏர்போர்ட் வருது, மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வருது, அடுத்த வாரம் இந்த ரேட் இருக்காது" என்று அவசரப்படுத்தினார்கள். ஒரு அறையின் அளவைக் கேட்கப் போனவர்களிடம் விமான நிலையத்தின் அளவைச் சொல்கிறார்கள்!

மாடல் ஹவுஸுக்கு அழைத்துப் போனார்கள். அழகாகத்தான் இருந்தது. அங்கே இல்லாதது எது என்பது, எங்கள் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளறைகள் எதற்கும் கதவு கிடையாது. நிலையும் கிடையாது, திறந்த வழி மட்டும். கதவு இல்லாத இடத்தில் கதவு திறந்து மூட எவ்வளவு இடம் போகும் என்று யாருக்குத் தெரியும்? படுக்கையறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள். போட்டிருந்த சோபாவும் கட்டிலும் கடையில் விற்கிற சாமான் இல்லை, அந்த வீட்டுக்கென்றே சிறிதாகச் செய்து போட்டவை. அதே கம்பெனிக்கு இன்டீரியர் வேலை செய்த தச்சர் ஒருவர் இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் அதை ரகசியமாகச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தானம்மா என்றார்.

கையில் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் வீட்டின் வரைபடம் இருந்தது. ஹாலுக்கு 15 அடி என்று எழுதியிருந்தது. கீழ் அறைக்கு அளவே எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒரு இரட்டைக் கட்டில், இரண்டு தலையணை, பக்கத்தில் சின்ன மேசை, மூலையில் பூந்தொட்டி. பார்க்கிற கண்ணுக்கு இவ்வளவும் கொள்கிற பெரிய அறை. வீடு கைக்கு வந்து, எங்கள் கட்டில் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்ட அன்று ராத்திரி, மகனின் ஸ்கேலை எடுத்து அந்தப் படத்தை அளந்தேன். 15 அடி ஹால் படத்தில் 6 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை அடி. கட்டிலின் அகலம் 1.6 சென்டிமீட்டர், நீளம் 2.2. கணக்குப் போட்டால் நாலு அடி அகலம், ஐந்தரை அடி நீளம். எந்தக் கடையிலும் அப்படி ஒரு இரட்டைக் கட்டில் இல்லை. ஐந்துக்கு ஆறேகால்தான் கடையில் கிடைக்கும். படத்தில் கட்டிலைச் சுருக்கித்தான் அறையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தெரிந்தே, ஒவ்வொரு சாமானாகச் சிறிதாக்கியிருக்கிறார். அது தவறி நடந்ததில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

அந்த அறை எட்டரைக்கு ஒன்பதரை அடி. கிட்டத்தட்ட 81 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பில், இரண்டாவது அறைக்குக் குறைந்தபட்சம் ஏழரை சதுர மீட்டர் வேண்டும் என்றிருக்கிறது. அதுவும் அதே 81 சதுர அடிதான். இதற்குக் கீழே போக முடியாது என்கிற கோட்டில் சரியாக நிறுத்தியிருக்கிறார்கள். கட்டிலைப் போட்டு, பீரோவை வைத்தால் மிஞ்சுவது இரண்டரை அடிச் சந்து. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் அத்தையால் திரும்ப முடியாது.

"ஒப்புதல் வாங்கின பிளானைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதுதானே?" கேட்டோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டோம். "லோன் சாங்ஷன் ஆனதும் நேரா பேங்க்குக்கே குடுத்துருவோம் மேடம், உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்றார்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் என்ன சொல்கிறது? 11-வது பிரிவில், புக்கிங் செய்கிறபோதே ஒப்புதல் பெற்ற வரைபடங்களைக் கட்டும் இடத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. 19-வது பிரிவில், அதைக் கேட்டுப் பெறுவது வாங்குகிறவரின் உரிமை என்கிறது. 13-வது பிரிவில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எங்களிடம் இருபத்தைந்து சதவீதம் வாங்கிய பிறகுதான் ஒப்பந்தம் என்ற ஒன்றையே கண்ணில் காட்டினார்கள். அதுவும் இரண்டாகப் பிரித்து. மனைக்கு ஒரு கிரயப் பத்திரம், வீட்டுக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிந்தது மண்ணை மட்டும். சண்டை என்று வந்தால், மண் சரியாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். வீட்டைப் பற்றிப் பேசினால், அது வேறு கம்பெனி என்கிறார்கள். அதே மேசை, அதே ஆள், வேறு லெட்டர்ஹெட்.

அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையில், பொடி எழுத்தில் கார்பெட் ஏரியா இருந்தது. 1,085 சதுர அடி. எங்களுக்கு விலை போட்டது 1,480 சதுர அடிக்கு. நடுவில் இருக்கிற 395 சதுர அடி எங்கே என்று கேட்டால், வெளிச்சுவர், சிட்-அவுட், கார் நிறுத்தும் போர்டிகோ, பால்கனி, மாடிப்படிக்கு மேலே இருக்கிற ஹெட்ரூம், கம்யூனிட்டியின் பொது இடத்தில் எங்கள் பங்கு என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். சதுர அடி 4,600 ரூபாய். பதினெட்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. காவேரிப்பட்டணத்து வீடு அந்த விலைக்குத்தான் போனது. கட்டி முடித்த ஒரு வீட்டைக் கொடுத்து, படிக்கட்டின் தலையையும் சுவரின் கனத்தையும் வாங்கியிருக்கிறோம்.

கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், ஒகேனக்கல் தண்ணீர் கனெக்‌ஷன் எல்லாம் இன்னும் வரவில்லை. ஃபேஸ் டூவில் வரும் என்கிறார்கள். வரட்டும், வராமல் போகட்டும். அதற்காக நான் அழவில்லை.

என் வயிற்றெரிச்சல் அந்தக் குளியலறைக் கதவு. வண்ணப் புத்தகத்தின் அட்டவணையில் அதற்கு இரண்டரை அடி என்று போட்டிருந்தார்கள். இரண்டரை அடி போதும், வாக்கர் போகும் என்றுதான் என் வீட்டுக்காரரும் கணக்குப் பார்த்தார். கட்டின பிறகு பார்த்தால் இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குல மரம் போக, ஆள் நுழைகிற வழி 22 அங்குலம். அத்தையின் வாக்கர் 24. அளந்து காட்டியபோது சைட் இன்ஜினியர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பிளான்ல போட்ட அளவு கரெக்ட்டாத்தானே இருக்கு? வாக்கரை மடிச்சு சைடுல எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். வாக்கரை மடித்துவிட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? இடுப்பில் கம்பி வைத்த மனுஷிக்கு அந்த வாசலில் வாக்கரை விடச் சொல்கிறாயே, நீ உன் அம்மாவிடம் இப்படிச் சொல்வாயா?

இப்போது அத்தையை நானும் மகனும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் திருப்பி உள்ளே கொண்டுபோகிறோம். மகன் ஸ்கூலுக்குப் போய்விட்டால், அவன் திரும்பி வரும்வரை அடக்கிக்கொள்கிறார். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். இது எனக்குத் தெரியக் கூடாது என்று சொம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார். கேட்டால், "எனக்காக ஏம்மா அவங்களோட மல்லுக்கு நிக்கறீங்க, நான் ஊருக்கே போயிடறேன்" என்கிறார். ஊரில் வீடு எங்கே இருக்கிறது? அதை விற்றுத்தானே இந்தக் கதவை வாங்கினோம்.

பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போக 900 மில்லிமீட்டர் வழி வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றடி. தனி வீட்டுக்குள் அதைக் கேட்பதற்கு நாதியில்லை. வீட்டில் வயசானவர் இல்லாத குடும்பம் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? மூன்றடிக் கதவு வைத்தால் எந்தக் கம்பெனி நொடித்துப்போய்விடும்?

ரேராவுக்குப் போகச் சொல்கிறார்கள். போயிருக்கிறோம். பொய்யான விளம்பரத்தை நம்பி வாங்கினவர்களுக்கு 12-வது பிரிவில் இழப்பீடு உண்டு. ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 14-வது பிரிவின்படி முப்பது நாளில் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். ஆனால் இது குறையே இல்லையாம், சுவர் விரிந்தால்தான் குறையாம், அவர்கள் வக்கீல் அனுப்பிய பதிலில் அப்படி எழுதியிருக்கிறார். ஆணையம் எங்கள் பக்கம் ஆணை போட்டாலும் பணம் தானாக வராது. நிலவரிப் பாக்கியை வசூலிக்கிற மாதிரி மாவட்ட நிர்வாகம் வழியாக வசூலிக்க வேண்டும். அதற்குத் தனியாக நடக்க வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்க்கிற மனுஷர் எத்தனை நாள் லீவு போடுவார்? இஎம்ஐ-க்கு மட்டும் எந்த மாசமும் லீவு இல்லை.

போன வாரம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கதவை மூன்றடியாக மாற்றித் தருகிறார்களாம். அதற்கு கஸ்டமைசேஷன் சார்ஜ் 85,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். அதோடு ஒரு கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, திருப்தியாகப் பெற்றுக்கொண்டோம், கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று. கடிதத்தை அவர்களே டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். என் பெயருக்கு நேரே கோடு போட்டுத் தயாராக இருக்கிறது.

கதவுக்கு வேண்டுமானால் நாங்களே கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை இடித்துக்கொள்கிறோம். அத்தைக்காக அதை இந்த வாரமே செய்யப்போகிறோம். அந்தச் செலவு ரசீதையும், ஸ்கேல் வைத்து அளந்த உங்கள் வண்ணப் புத்தகத்தையும், நீங்கள் அனுப்பிய இந்தக் கடிதத்தையும் சேர்த்தே ஆணையத்தில் கொடுப்பேன். திருப்தியாகப் பெற்றுக்கொண்டோம் என்று நான் எழுதித் தர மாட்டேன்.